வீட்டுக் குடுவையில் திராட்சை இரசம்

கானாவூர்த் திருமண வீட்டில் இருந்த கற்சாடிகள் ஆறு. யோவான் நற்செய்தி குறிக்கும் கிரேக்க அளவையை இன்றைய கணக்கில் மாற்றினால், சாடி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் வரை கொள்ளும். இன்று கனடா நாட்டு வீடுகள் பலவற்றின் நிலவறையில் நிற்கும் கண்ணாடிக் குடுவையோ 23 லிட்டர்தான் கொள்ளும். அங்கே ஆண்டவரின் திருவுளத்தால் தண்ணீர் உடனே இரசமாயிற்று. இங்கே திராட்சைச் சாறு இரசமாவதற்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அத்தனை நாளும் ஒருவர் சுத்தமும் பொறுமையும் காத்து நிற்கவும் வேண்டும்.

கடல் கடந்து குடியேறிய நம் உறவினர் பலர், குறிப்பாக டொராண்டோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்வோர், இக்குடுவையை அறிவர். அந்நகரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் இத்தாலிய, போர்த்துக்கீசியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, இலையுதிர்காலந்தோறும் கலிபோர்னியாவிலிருந்து வரும் திராட்சையைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டிலேயே பிழிந்து, தம் முன்னோர் வழியில் இரசம் செய்து வருகின்றன. பழம் பிழிய இடமும் கருவியும் இல்லாதவர்களுக்கு ஏற்றது 'ஒயின் கிட்' எனப்படும் பெட்டி. சாறும், அதனை இரசமாக்கத் தேவையான பொருள்களும், செய்முறைக் குறிப்பும் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும்.

இப்பெட்டியைப் பற்றிக் குடும்பங்களில் மூன்று கேள்விகள் எழுவதுண்டு. சாறு இரசமாவது எவ்வாறு? வீட்டில் செய்த இரசத்தைத் திருப்பலிக்குக் காணிக்கையாக அளிக்கலாமா? மதுவை வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்வது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தகுமா? மூன்றுக்கும் முறையாக விடை காண்போம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, அரசின் உரிமமின்றி மது தயாரிப்பது இங்கே குற்றமாகும். திராட்சை மதுவும் அதற்கு விலக்கன்று. ஆகவே கீழ்வரும் செய்முறை விளக்கம், சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் நடப்பதை நாம் அறிந்துகொள்வதற்காகவே தரப்படுகிறது.

பெட்டிக்குள் இருப்பவை

பெட்டியைத் திறந்தால் முதலில் தென்படுவது தடித்த பிளாஸ்டிக் பை. அதற்குள் இருப்பது பெரும்பாலும் செறிவான திராட்சைச் சாறு. காற்றழுத்தத்தைக் குறைத்து, மிகுதியாகச் சூடேற்றாமல், சாற்றிலுள்ள தண்ணீரில் ஒரு பகுதியை நீக்கி அதனை எடுக்கிறார்கள். விலை குறைந்த பெட்டிகளில் சாறு குறைவாகவும், வீட்டில் சேர்க்க வேண்டிய தண்ணீர் மிகுதியாகவும் இருக்கும். விலை கூடக்கூடச் சாற்றின் அளவு கூடும். எதுவாயினும் முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 23 லிட்டர். 750 மில்லிலிட்டர் கொள்ளும் புட்டிகள் முப்பதை அதனால் நிரப்பலாம்.

சாற்றுப் பையோடு சில சிறு பொட்டலங்களும் இருக்கும். ஒன்றில் உலர்ந்த ஈஸ்ட், வழக்கமாக 5 கிராம். மற்றொன்றில் பெண்டோனைட் என்னும் நுண்ணிய களிமண் பொடி. மூன்றாவதில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்னும் கந்தக உப்பு. நான்காவதில் பொட்டாசியம் சார்பேட். இறுதியாக, கலங்கலைத் தெளிய வைப்பதற்கான இரு திரவங்கள். அவற்றுள் ஒன்று மணற்சத்தாகிய சிலிக்கா கலந்தது. மற்றொன்றில் உள்ள கைட்டோசான், பெரும்பாலும் இறால், நண்டு முதலியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது.

வீட்டில் இரசம் செய்யத் தொடங்குவோர் பலர் வெள்ளை இரசத்தையே முதலில் தேர்ந்துகொள்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. சிவப்பு இரசத்துக்கு நிறமும் துவர்ப்பும் தருவது திராட்சையின் தோல். சாறு தோலோடு சேர்ந்து பல நாள் ஊறினால்தான் அவை இறங்கும். வெள்ளை இரசத்துக்குத் தோல் வேண்டுவதில்லை. பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டுமே நொதிக்க விடுவார்கள். பிரான்சு நாட்டின் ஷாம்பேன் பகுதியில் கருந்திராட்சையிலிருந்தும் வெள்ளை இரசம் எடுப்பது இம்முறையால்தான். ஆகையால், சாறு மட்டுமே அடங்கிய பெட்டியால் வெள்ளை இரசத்தை ஓரளவு செம்மையாகவே செய்ய முடிகிறது.

ஆனால் வெள்ளை இரசம் மென்மையானது. நறுக்கி வைத்த வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதுபோல, அதுவும் காற்றுப்பட்டால் பழுப்பேறி மணம் இழக்கும். சிவப்பு இரசத்தில் தோலிலிருந்து இறங்கிய துவர்ப்புச் சத்து ஓரளவு காவலாக நிற்கும். வெள்ளைக்கு அக்காவலும் இல்லை. அதனைச் செய்பவரின் விழிப்பே அதற்குக் காவல்.

பெட்டி பிறந்த வரலாறு

வீட்டுக்கு வரும் சாறு என்னும் இவ்வழக்கம் பரவுவதற்கு மதுவிலக்கே ஒரு காரணமாயிற்று என்பது வியப்பான செய்தி. அமெரிக்க நாட்டில் 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. ஆயினும் அதற்கென இயற்றப்பட்ட சட்டத்தின் ஒரு பிரிவு, வீட்டுத் தேவைக்காகப் பழச்சாறு செய்துகொள்வதற்கு இடம் விட்டது. அந்த வாயில் வழியாகத் திராட்சையும் செறிந்த சாறும் வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தன. சாற்றைக் கட்டியாக இறுக்கி விற்றவர்களும் உண்டு. இதனைத் தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் வைத்தால் மதுவாகிவிடும், ஆகையால் அவ்வாறு செய்யாதீர்கள் என்று 'எச்சரிப்பதுபோல்' செய்முறையைச் சொல்லிக்கொடுத்து அவர்கள் விற்றனராம்! சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்தைக் கைவிடும் இத்தகைய தந்திரத்தை நம் காலத்திலும் காண்கிறோமன்றோ?

அதே காலத்தில் திருப்பலிக்கான இரசம் செய்வதற்கு மட்டும் அரசு தனி அனுமதி அளித்தது. கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, பலிபீடத்துக்கு இரசம் வழங்கிய சில தோட்டங்கள் அதனாலேயே பிழைத்தன.

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1953-இல் சர்க்கரைப் பங்கீடு நீங்கியதும், வீட்டில் பழ மது செய்யும் வழக்கம் வேகமாகப் பரவியது. ஊர்தோறும் இதற்கெனச் சங்கங்கள் தோன்றின. மருந்துக் கடைகளிலும் செய்முறைப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. கனடாவில், குளிர் மிகுந்து திராட்சை விளையாத பகுதிகளிலும், பெட்டி வழியாக இரசம் செய்வது இன்று பெருவழக்கு. ஒன்டாரியோ மாநிலத்தில் இதற்கென உரிமம் பெற்ற கடைகளும் இருக்கின்றன. அங்கே கடையின் கலங்களிலேயே இரசம் வைக்கலாம். ஆனால் சாற்றில் ஈஸ்டை இடுவது வாடிக்கையாளரின் கையாலேயே நடக்க வேண்டும் என்பது விதி. சொந்த உபயோகத்துக்காகச் செய்வதை இந்நாடுகளின் சட்டங்கள் அனுமதிக்கின்றன. உரிமமின்றி விற்பதை எதுவும் அனுமதிப்பதில்லை.

சாறு இரசமாகும் விதம்

இரசம் செய்பவரின் முதல் வேலையும் பெரிய வேலையும் கழுவுதல்தான். வாளி, குடுவை, குழாய், கரண்டி, வெப்பமானி ஆகிய அனைத்தையும் முதலில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும். பின்னர்க் கந்தக உப்பைக் கரைத்த நீரால் கிருமி நீங்க அலச வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்குப் படிந்த பாத்திரத்தில் எம்மருந்தும் முழுப்பயன் தராது. ஈளை நோய் உள்ளவர்கள் இக்கரைசலின் ஆவியை முகரலாகாது. அது மூச்சை அடைக்கும்.

அடுத்து, பெண்டோனைட் களிமண்ணை வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பெரிய வாளியில் ஊற்றுவார்கள். அதன்மேல் சாற்றைக் கொட்டி, பையை வெந்நீரால் அலசி அதனையும் சேர்த்து, 23 லிட்டர் அளவு வரும்வரை தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குவார்கள். பிறகு ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடி மிதவையைச் சாற்றில் இட்டுப் பார்ப்பார்கள். பால்மானியைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தண்ணீரில் 1.000 என்று காட்டும் அம்மிதவை, இச்சாற்றில் 1.080 முதல் 1.090 வரை காட்டும். சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை இருப்பதை அது அறிவிக்கிறது. சாற்றின் வெப்பம் 20 முதல் 24 டிகிரி வரை இருக்கும்போது ஈஸ்டைத் தூவி மூடுவார்கள். கனடா நாட்டுக் குளிர்காலத்தில் நிலவறை மிகவும் குளிர்ந்துவிட்டால் ஈஸ்ட் உறங்கிவிடும். ஆதலால் குடுவையைச் சூடான இடத்துக்கு மாற்றுவோரும் உண்டு.

மூடியில் ஏர்லாக் எனப்படும் சிறு கருவியைப் பொருத்துவார்கள். அதில் நிற்கும் சிறிதளவு நீர், உள்ளிருந்து வரும் கரியமிலவாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. ஓரிரு நாளில் அந்நீர் 'களுக் களுக்' என்று குமிழியிடத் தொடங்கும். சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் உண்டு, அதனை ஆல்கஹாலாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கிறது. தோசை மாவை இரவில் பொங்க வைப்பதும் இவ்வாயுவே. பனையிலிருந்து இறங்கும் இனிய சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாகிவிடுவதும் இதே நொதித்தலால்தான். நொதித்தலை நிகழ்த்துவது உயிருள்ள நுண்ணுயிரே என்பதை நிலைநாட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். திராட்சை இரசத்தின் நோய்களை ஆராய்ந்து 1866-இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார்.

23 லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட கரியமிலவாயு வெளியேறும். ஆகவே காற்றோட்டம் உள்ள அறையில்தான் இதனை வைக்க வேண்டும். மிதவை 1.010 அளவுக்கு இறங்கியதும், ஒரு வாரம் பத்து நாளில், தெளிவை மட்டும் குழாயால் இறுத்துக் கார்பாய் எனப்படும் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவார்கள். அடியில் தங்கிய வண்டலை விட்டுவிடுவார்கள். குடுவையில் கழுத்தளவு இரசம் நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் காற்று புகுந்து கெடுக்கும். நிரம்பிய குடுவை ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். ஈரக்கையோடு அதனைத் தூக்கி, உடைத்து, காயமுற்றோர் உண்டு.

மேலும் சில நாள் கழித்து மிதவை 0.995 அளவில் நிற்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது. ஆதலால்தான் அளவு 1.000-க்கும் கீழே செல்கிறது. அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் பார்த்தும் அளவு மாறாவிட்டால் நொதித்தல் முடிந்தது என்று பொருள். இரசத்தில் இப்போது நூற்றுக்கு 11 அல்லது 12 பங்கு ஆல்கஹால் இருக்கும். பொறுமையற்றவர் தவறும் இடம் இதுவே. நொதித்தல் முடியுமுன் புட்டியில் அடைத்தால் மீதிச் சர்க்கரை உள்ளேயே நொதித்து, வாயு திரண்டு, புட்டி வெடித்துச் சிதறும்.

பிறகு இரசத்தை வேகமாகக் கலக்கி, உள்ளே கரைந்து நிற்கும் வாயுவை வெளியேற்றுவார்கள். கந்தக உப்பும் சார்பேட்டும் இடுவார்கள். கலயத்துச் சுண்ணாம்பு பதநீரைக் காப்பதுபோல, இவை இரசத்தைக் காக்கும். கந்தக உப்பு காற்றின் தாக்குதலையும் கெடுக்கும் கிருமிகளையும் தடுக்கிறது. சார்பேட் ஈஸ்ட் மீண்டும் பெருகாதபடி தடுக்கிறது. இறுதியாகத் தெளிய வைக்கும் திரவங்களைச் சேர்த்துவிட்டுக் குடுவையை அசைக்காமல் ஓரிரு வாரம் விட்டுவிடுவார்கள். மோர்போல் கலங்கியிருந்த இரசம் மேலிருந்து கீழாகத் தெளிந்து, வைக்கோல் நிறத்தில் ஒளிரும். அதனை இறுத்துப் புட்டியில் அடைத்துத் தக்கையிட்டு, குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் குளிர்ந்த இருளில் வைத்திருப்பது நலம்.

இம்முறையில் மனிதன் செய்வது என்ன என்று எண்ணிப் பாருங்கள். கழுவுகிறான், அளக்கிறான், மூடுகிறான், காத்திருக்கிறான். சாற்றை இரசமாக்குவது அவன் கைகள் அல்ல, படைத்தவர் ஒரு நுண்ணுயிருக்குள் வைத்த ஆற்றல். நிலத்தின் விளைவும் மனித உழைப்பும் இணைந்ததே பலிபீடத்தில் நாம் ஒப்புக்கொடுக்கும் இரசம் என்பதன் பொருள் இங்கே தெளிவாகிறது.

பலிபீடத்துக்கு ஆகுமா?

இனி இரண்டாவது கேள்வி. தம் கையால் செய்த இரசத்தில் ஒரு புட்டியைப் பங்குக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அவ்விருப்பம் பக்தியிலிருந்தே பிறக்கிறது. ஆனால் திருச்சபை இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. அதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. இராவுணவில் ஆண்டவர் தம் கைகளில் எடுத்தது திராட்சை இரசம். எனவே அதற்கு ஈடாக வேறொன்றை வைக்கத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை.

1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் சட்டம், இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்ட இயற்கையான இரசமாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2004 மார்ச் 25-இல் உரோமையிலிருந்து வெளிவந்த 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்' என்னும் அறிவுறுத்தல் இதனை மேலும் விளக்குகிறது. இரசத்தில் வேறு பொருள் கலந்திருத்தல் ஆகாது. அதன் தூய்மையோ அது வந்த வழியோ ஐயத்துக்குரியதாயின் அதனைப் பயன்படுத்துதல் ஆகாது. திருவருட்சாதனம் செல்லுபடியாவதற்கு வேண்டியவற்றில் ஐயத்துக்கு இடமின்றி உறுதி தேவை. திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் நிலை வந்துவிட்டதைச் சுட்டி, அவற்றின் தரத்தைக் கண்காணிக்கும் கடமையை 2017 ஜூன் மாதத்தில் ஒரு சுற்றுமடல் ஆயர்களுக்கு நினைவூட்டியது.

பெட்டியில் செய்த இரசத்தை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். சாற்றிலிருந்து நீக்கிய தண்ணீரை மீண்டும் சேர்ப்பது மட்டும் பெரிய தடையன்று. உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்து நொதிக்கச் செய்த இரசத்தையும், அது நிறத்திலும் சுவையிலும் உண்மையான இரசமாய் இருந்தால், திருச்சபை ஏற்றதுண்டு. கெடாமல் காப்பதற்கான சிறிதளவு கந்தகமும் பலிபீட இரசங்களில் வழக்கமாக இருப்பதே. ஆனால் பல பெட்டிகளில் திராட்சைச் சர்க்கரை போதாதென்று வேறு சர்க்கரை சேர்க்கப்படுகிறது. அப்போது இரசத்தின் ஆல்கஹாலில் ஒரு பகுதி திராட்சையிலிருந்து வந்ததாகாது. புளிப்புக்கென அமிலமும், மணத்துக்கென உலர்ந்த பூவும், சில வகைகளில் வேறு பழச்சுவையும் சேர்கின்றன. எதில் எவ்வளவு என்பதை வீட்டில் இருப்பவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி இல்லாத இடத்தில் பலிபீடத்துக்கு வழியில்லை. ஆயரின் ஒப்புதல் பெற்ற இரசத்தையே பங்குத்தந்தையர் பயன்படுத்துவதன் காரணம் இதுவே.

ஆகவே, கொண்டுவந்த புட்டியைக் குருவானவர் அன்போடு மறுத்தால் யாரும் மனம் வருந்தவேண்டாம். காணிக்கை அளிக்க விரும்புவோர், ஒப்புதல் பெற்ற இரசத்தின் விலையைப் பங்குக்கு அளிக்கலாம். அவர்கள் கொடுத்த காணிக்கை அப்போது ஐயத்துக்கு இடமின்றி ஆண்டவரின் திரு இரத்தமாகும். சிவப்பு, வெள்ளை ஆகிய இரண்டும் திருப்பலிக்கு ஏற்றவையே. பீடத்துணிகளில் கறை பிடியாது என்பதால் வெள்ளை இரசத்தைப் பல கோயில்களில் விரும்புகிறார்கள்.

உண்மையான இரசத்தின் அருமையை உணர, வியட்நாம் நாட்டுக் கர்தினால் நுயென் வான் துவானை நினைத்துக்கொள்ளலாம். 1975 முதல் 1988 வரை பதின்மூன்று ஆண்டுகள் அவர் சிறைப்பட்டிருந்தார். வயிற்று மருந்து என்ற பெயரில் சிறைக்கு வந்த சிறிதளவு இரசத்தைக்கொண்டு, உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் வைத்து அவர் திருப்பலி நிறைவேற்றினார். அளவு மூன்று துளிதான். ஆயினும் அது உண்மையான திராட்சை இரசம்!

முப்பது புட்டிகளும் ஒரு குடும்பமும்

மூன்றாவது கேள்வியே குடும்பத்தின் நெஞ்சைத் தொடுவது. திராட்சை இரசம் தன்னிலே தீயது என்று திருச்சபை போதிப்பதில்லை. அளவோடு அருந்தும் இரசம் உள்ளத்துக்கு மகிழ்ச்சி என்றும், மிஞ்சினால் கசப்பும் சண்டையும் என்றும் சீராக்கின் ஞானநூல் 31-ஆம் அதிகாரம் இரு பக்கங்களையும் காட்டுகிறது. உணவிலும் மதுவிலும் மருந்திலும் மிகைமை அனைத்தையும் தவிர்க்கச் செய்வதே மட்டுமிதம் என்னும் புண்ணியம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290-ஆம் எண்ணில் போதிக்கிறது. குடிபோதையில் வண்டி ஓட்டித் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பது கனமான குற்றம் என்றும் அது கூறுகிறது. உடல்நலத்தைப் பொறுத்தமட்டில், ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க குடி அளவு எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்துள்ளது.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பெட்டியில் முப்பது புட்டி. புட்டிக்கு ஐந்து கோப்பை என்றால் மொத்தம் 150 கோப்பை. ஞாயிறு விருந்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கோப்பை அருந்தினால் அது ஓர் ஆண்டுக்கு மேல் வரும். ஒருவர் மட்டும் நாள்தோறும் ஒரு கோப்பை அருந்தினால் ஐந்து மாதம் வரும். ஒரே மாதத்தில் முப்பதும் காலியானால்? அவ்வீட்டில் யாரோ ஒருவர் நாளுக்கொரு புட்டி குடிக்கிறார் என்று பொருள். கடையில் வாங்கும்போது பணப்பை எச்சரிக்கும், கடைக்காரர் முகம் எச்சரிக்கும், நடக்க வேண்டிய தூரமும் ஓரளவு தடுக்கும். நிலவறையில் அடுக்கிய புட்டிக்கு இத்தடைகள் எவையும் இல்லை. விலையும் குறைவு, எண்ணிப் பார்ப்பாரும் இல்லை.

ஆகவே நொதித்தலுக்கு நாள் குறித்த அதே நாட்காட்டியில், புட்டி திறக்கும் நாளையும் குறித்து வருவது நல்ல பழக்கம். முதல் பெட்டி எத்தனை நாளில் தீர்ந்தது, இரண்டாவது எத்தனை நாளில் தீர்ந்தது என்று பாருங்கள். நாள் குறைந்துகொண்டே வந்தால் அது அபாய அறிவிப்பு.

டப்ளின் நகரத்து ஏழைத் தொழிலாளி மாட் டால்பட்டின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1856-இல் பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதில் மது வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் மது இருந்தது. அங்கே தொடங்கிய குடி, பதினாறு ஆண்டுகள் அவரை ஆட்டிப் படைத்தது. 1884-இல் குடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, நாள்தோறும் திருப்பலியில் பங்கெடுத்து, 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, ஏறத்தாழ 41 ஆண்டுகள் அவ்வாக்கைக் காத்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. குடியின் பிடியில் சிக்கியவர்க்கு அளவோடு குடிப்பது என்பது பெரும்பாலும் இயலாத ஒன்று என்பதும், முற்றாக விடுவதே அவர்க்கு விடுதலை என்பதும் அவர் வாழ்வு கற்பிக்கும் பாடம்.

எனவே குடும்பத்தில் ஒருவருக்கேனும் குடிப்பழக்கத்தின் வரலாறு இருந்தால், அவ்வீட்டுக்கு இப்பெட்டி வேண்டாம். அவர் மனந்திரும்பிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வேண்டாம். நொதிக்கும் சாற்றின் மணமே அவருக்குச் சோதனையாகும். கர்ப்பிணிகளும், மது விலக்கப்பட்ட மருந்து உண்போரும் அருந்தலாகாது. சிறுவர் கைக்கெட்டும் இடத்தில் புட்டிகளை வைத்தலும் ஆகாது. இது நானே செய்தது, சிறிது சுவைத்துப்பார் என்று தந்தை ஊட்டும் முதல் மிடறு, மகனுக்கு எத்தகைய பாடமாய் முடியும் என்பதைத் தந்தையர் எண்ணிப் பார்க்கட்டும்.

பெட்டியை வாங்குவதற்கு முன் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது. மனைவி வேண்டாம் என்றால், அதற்குக் காரணம் கேட்டு வாதாடாமல் விட்டுவிடுவதே அறிவுடைமை. கானாவில் இரசம் தீர்ந்துபோனதைக் கண்டு மகனிடம் சொன்னவர் நம் அன்னை மரியா. ஒரு வீட்டில் இரசம் மிகுந்துபோனதை முதலில் காண்பவளும் பெரும்பாலும் அவ்வீட்டுத் தாயே. அவள் சொல்லுக்குச் செவிசாய்க்கும் வீட்டில் குடி குடிபுகாது.

கடல் கடந்து வாழும் நம் உறவினர்க்குக் கடிதம் எழுதும்போது இவற்றையும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். அங்கே சட்டம் இடங்கொடுக்கிறது, பெட்டியும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் முப்பது புட்டிகளை வீட்டில் வைத்துக்கொண்டு, கிறிஸ்து பிறப்புக்கு ஒன்று, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஒன்று என்று எடுத்துவைக்கும் மனவலிமை எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. அது குடும்ப செபத்தில் கேட்டுப் பெற வேண்டிய வரம். அவ்வரம் உள்ள வீட்டில் குடுவை இருந்தாலும் தீங்கில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை.